தனியே சுமக்கும் பாரம்



யூன் மாதம் பிறந்துவிட்டால் எமது வீடுகளில் யேசுவின் திரு இருதயப் படத்தின் முன்னால் விளக்கு அணையாமல் எரியும். மாலைச் செபத்துக்குக் குடும்பம் முழுவதும் அந்தப் படத்தின் முன் கூடி முழந்தாளிடும். முள்முடி சூழ்ந்து, ஈட்டியால் ஊடுருவப்பட்டு, அன்புத் தீ கொழுந்துவிட்டெரியும் அந்த இருதயத்தை நாம் சிறுவயது முதல் பார்த்து வந்திருக்கிறோம். ஆனால் அதன் முன்னே களைத்துப்போய் முழந்தாளிட்டிருக்கும் எங்கள் தகப்பனுடைய இருதயத்தை, தாயினுடைய இருதயத்தை எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நெஞ்சுக்கூட்டுக்குள்ளே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை அடித்துக்கொண்டிருக்கும் அந்தத் தசையாலான இருதயத்தைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இதை எழுத என்னைத் தூண்டுவது ஒரு பழைய கடன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கிலே ஒரு பெரியவர் இருந்தார். வயது 59. தனியார் நிறுவனம் ஒன்றிலே களஞ்சியப் பொறுப்பாளர். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சேவை. எந்தப் பொருள் எந்தத் தட்டில் எத்தனை இருக்கிறதென்று புத்தகத்தைப் பாராமலே சொல்லக்கூடிய மனிதர். அவருக்குக் கீழே வேலைசெய்த இருவர் விலகிப் போனார்கள். அவர்களுடைய இடத்துக்கு ஆள் எடுக்கப்படவில்லை. மூன்று பேருடைய வேலை ஒருவர் தலையில் விழுந்தது. கணக்குகள் கம்பியூட்டருக்கு மாறின. பழக்கிவிட ஒருவருமில்லை. தன் மகன் வயதுடைய அதிகாரி இளம் பிள்ளைகளின் முன்னிலையில் ஏசும்போது தலைகுனிந்து நிற்பார். வீட்டுக்கு வந்த பின்னும் தொலைபேசி ஓயாது. வேலையை விட்டுவிடலாம் என்றால், இரண்டாவது மகளின் கலியாணத்துக்குச் சீதனக் காசு கடனாக நின்றது.

ஒரு வியாழக்கிழமை மாலைப் பூசை முடிந்து கோயில் விறாந்தையில் நின்றபோது நெஞ்சைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நெஞ்சுக்குள்ளை ஏதோ வைச்சு அமத்திற மாதிரிக் கிடக்குது சுவாமி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது.”

“டாக்குத்தரிட்டைக் காட்டினீங்களோ ஐயா?”

“எங்கையாலை சுவாமி நேரம்? இந்தக் கணக்கெடுப்பு முடியட்டும். வாய்வாய்த்தான் இருக்கும். இஞ்சி இடிச்சுக் குடிச்சால் சரிவரும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாரத்தை ஆண்டவரிடம் ஒப்படைத்துப் பொறுமையாயிருக்கும்படி சொன்னேன். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். பின்னர், திருவிழாக் கணக்கையும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முடித்துத் தரமுடியுமா என்று கேட்டேன். “சரி சுவாமி” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை களஞ்சியத்திலே பொருட் கணக்கெடுக்கும்போது விழுந்தார். பரிசுத்த தைலத்தோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் அவருடைய மனைவி திருவிழாக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கடைசிச் சதம் வரை சரியாக எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

அந்தப் புத்தகத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மாமனார் கண்ட காட்சி

யாத்திராகமத்தின் 18ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை அழைத்துவந்த மோயீசன் பாலைநிலத்தில் பாளயமிறங்கியிருக்கிறார். அவருடைய மாமனார் ஜெத்திரோ, மகளையும் இரு பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மருமகனைப் பார்க்க வருகிறார். சுகம் விசாரித்து, உண்டு களித்த மறுநாள், மருமகனுடைய உத்தியோகத்தை அந்த மாமனார் நேரில் பார்க்கிறார். காலையிலிருந்து மாலைவரை மோயீசன் ஒரே இருப்பாக இருந்து வழக்குத் தீர்க்கிறார். சனங்களோ காலையிலிருந்து மாலைவரை சுற்றிவர நிற்கிறார்கள்.

பாரவோன் முன்னிலையில் பேசப் போனபோதே மோயீசனுக்கு வயது 80 என்று அதே ஆகமம் கூறுகிறது. ஆகவே நாம் பார்ப்பது முதிர்ந்த வயதுடைய ஒரு வேலையாளை. அவர் செய்தது கடவுளுடைய வேலை. அதிலே அவருக்கு விருப்பமும் இருந்தது, ஆற்றலும் இருந்தது. அப்படியிருந்தும் ஜெத்திரோ அவரைப் புகழவில்லை. இப்படிச் செய்வது நன்றல்ல என்றார். நீயும் களைத்துப் போவாய், உன்னோடிருக்கும் சனங்களும் களைத்துப் போவார்கள், இந்தப் பாரம் ஒரு ஆளின் பலத்துக்கு மிஞ்சியது என்று எடுத்துரைத்தார். பின்னர் வழியும் சொன்னார். தெய்வபயமுள்ள, கைக்கூலி வெறுக்கும், திறமையுள்ள மனிதரைத் தேர்ந்து ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவராக வை. பெரிய வழக்கு உன்னிடம் வரட்டும், சிறியதை அவர்கள் தீர்க்கட்டும் என்றார். மோயீசன் அதைக் கேட்டு அப்படியே செய்தார்.

சகோதரரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜெத்திரோ மதியான் நாட்டுக் குருவானவர். செபத்தின் அருமை அவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் மருமகனிடம் “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்” என்று அவர் சொல்லவில்லை. பாரத்தைக் குறைக்க வழி பார்த்தார். கோயில் விறாந்தையிலே நின்ற நான் செய்யத் தவறியது அதைத்தான்.

உழைப்பு வேறு, நெருக்கீடு வேறு

கடினமாக உழைத்தால் இருதயம் கெட்டுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கரைவலை இழுக்கும் எமது கடற்றொழிலாளரும், மண்வெட்டி பிடிக்கும் எமது கமக்காரரும் உடல் வியர்க்க உழைத்து, இரவில் நிம்மதியாக நித்திரை கொண்டு, பழுத்த வயதுவரை வாழ்ந்திருக்கிறார்கள். அளவோடு உடலை அசைத்து உழைப்பது இருதயத்துக்கு நல்லது. தீங்கு விளைவிப்பது வேறொன்று. வேலைப்பளு கூடிக்கொண்டே போகும், ஆனால் அதை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் வேலை செய்பவனுடைய சொல்லுக்கு இடமிராது. இதையே வேலை நெருக்கீடு என்று அறிஞர் அழைக்கிறார்கள். 1979ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் றொபேட் கராசெக் இதைத் தெளிவாக எடுத்து விளக்கினார். 1996இல் ஜெர்மனியின் யோகன்னஸ் சீகிரிஸ்ட் இன்னொன்றைச் சேர்த்துக் காட்டினார். மனிதன் கொடுக்கும் உழைப்புக்கும், திரும்பப் பெறும் சம்பளத்துக்கும் மதிப்புக்கும் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் அதுவும் இருதயத்தைத் தாக்கும் என்பதே அவர் கூற்று.

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியை நாம் விசேடமாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் எமது அரசாங்கக் கந்தோர்களின் படிவரிசை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற படிவரிசைதான். மேலே நிருவாக அதிகாரி, நடுவிலே இலிகிதர், கீழே பியோன். லண்டன் வைற்ஹோல் பகுதியிலுள்ள அரசாங்கக் கந்தோர்களில் வேலைசெய்த 17,000க்கும் மேற்பட்ட ஆண்களை 1967 முதல் வைத்தியர்கள் பரிசோதித்து, பின்தொடர்ந்து கவனித்தார்கள். பெரும் பதவியில் இருப்பவர்களுக்கே பொறுப்பும் கவலையும் அதிகம், ஆகவே மாரடைப்பும் அவர்களுக்கே அதிகம் என்றுதான் அந்நாளில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். 1978இல் பேராசிரியர் மைக்கல் மார்மட்டும் அவருடைய தோழரும் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. ஆகக் கீழ்ப்படியில் இருந்தவர்கள், ஆக மேற்படியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இருதய நோயால் இறந்திருந்தார்கள். புகைபிடித்தல், இரத்த அமுக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக்கே காரணம் கிடைத்தது. 1985இல் 10,000க்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் கொண்டு இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. தன் வேலையின்மேல் தனக்கு அதிகாரமில்லாத நிலையே கீழ்ப்படியில் உள்ளவர்களின் இருதய நோய்க்கு ஒரு முக்கிய காரணமென அது எடுத்துக் காட்டியது.

மிகைப்படுத்திக் கூறுவதும் பொய்யே. ஆகையால் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் 13 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேரின் விபரங்களைக் கொண்டு 2012இல் வெளியான முடிவின்படி, வேலை நெருக்கீடு உள்ளவர்களுக்கு இருதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 23 வீதம் அதிகம். புகைபிடித்தலால் வரும் தீங்கு இதனிலும் மிகப் பெரியது. ஆகவே சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது.

நேரத்தின் கதையோ இன்னும் கனமானது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ததன் விளைவாக 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் 60க்கும் 79க்கும் இடைப்பட்ட வயதினர். 45 வயதுக்குப் பின்னே அப்படி நீண்ட நேரம் உழைத்தவர்கள். விதைத்தது ஒரு காலம், அறுத்தது இன்னொரு காலம். “நான் இத்தனை வருடமாய் இப்படித்தானே வேலை செய்கிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லையே” என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய குழாயும் புதிய அமுக்கமும்

முதிர்ந்த உடல் ஏன் இதை அதிகம் தாங்க மாட்டாது? யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். நீரிறைக்கும் குழாய்களுக்கும் அதே கதிதான். துவாரம் சிறுக்கச் சிறுக்க மோட்டர் இன்னும் பலமாகத் தள்ளவேண்டியிருக்கும். எமது இரத்தக் குழாய்களும் வயது செல்லச் செல்ல இறுகுகின்றன. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. சலரோகமும் இரத்த அமுக்கமும் இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

மனம் அச்சத்திலோ கோபத்திலோ இருக்கும்போது உடல் அட்ரினலின், கோட்டிசோல் என்னும் சுரப்புகளை இரத்தத்தில் கலக்கிறது. துடிப்பு வேகமாகும். அமுக்கம் ஏறும். இரத்தம் உறையும் தன்மை கூடும். பாம்பைக் கண்டு ஓடும் மனிதனுக்கு இது கடவுள் தந்த காவல். ஓடி முடிந்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் காலை எட்டு மணிக்கு ஏறிய அமுக்கம் இரவு பத்து மணிக்கும் இறங்காமல், மறுநாளும் மறுவாரமும் அப்படியே நின்றால், காவலாக வந்ததே சத்துருவாகிவிடும். இளைஞனுடைய உடல் ஓரிரவு நித்திரையில் மீண்டுவிடும். அறுபதை நெருங்கியவருடைய உடல் அப்படி மீள்வதில்லை. அதற்கு மேலாக, நெருக்கீட்டில் இருப்பவர் நித்திரை குறைகிறார், கூடப் புகைக்கிறார், குடிக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, கிளினிக்குக்குப் போகும் நாளைத் தவறவிடுகிறார், குளிசையை மறக்கிறார்.

எமது இனத்தவருக்கு இன்னுமொரு எச்சரிக்கை உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் முடிவு வெளியான இன்ரர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சியில் மன நெருக்கீடும் மாரடைப்புக்கான பெருங் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறதென்றும், மற்ற நாட்டவருக்கு அது ஏறக்குறைய 59 வயதிலேயே வருகிறதென்றும் 2007இல் அதே ஆராய்ச்சியின் விபரங்கள் காட்டின. வீட்டுச் சுமை மிகவும் பாரமாக இருக்கும் வயதும் அந்த வயதுதான். மகளுக்குக் கலியாணம், மகனுக்குப் படிப்பு, பாதியில் நிற்கும் வீடு, எல்லாம் வந்து கூடும் வயது.

எமது நாட்டின் நிலை

2021ஆம் ஆண்டின் சட்டமொன்று தனியார் துறைத் தொழிலாளரின் ஆகக்குறைந்த இளைப்பாறும் வயதை 60 வரை உயர்த்தியது. வயதைக் காட்டி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் காப்பது நல்லதே. ஆனால் வேலையில் வைத்திருக்கச் சொல்லும் சட்டம் வந்தால், வயதுக்கேற்ற வேலை கொடுக்கும் மனமும் கூடவே வரவேண்டும். அதன்பின் 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில் பொருட்களின் விலை ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியது. சேமலாப நிதியாக வந்த காசு கையில் நிற்கவில்லை. இளைப்பாறியவர்கள் மறுபடியும் வேலை தேடினார்கள். வங்கி வாசலிலும் கடை வாசலிலும் காக்கிச் சட்டையோடு இரவிரவாகக் கதிரையில் விழித்திருக்கும் எமது பெரியவர்களைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரக் காவல், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 72 மணி. ஆபத்தென்று சொல்லப்பட்ட 55 மணியைக் கடந்து எவ்வளவோ தூரம்.

தாய்மாரையும் மறந்துவிடக் கூடாது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இருதய நோயின் ஆபத்துக் கூடுகிறது. பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் தேயிலை மலையிலும் பகல் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வருகிற தாய்க்கு, வீட்டிலே அடுக்களை என்னும் இரண்டாவது உத்தியோகம் காத்திருக்கிறது. அதற்குச் சம்பளமுமில்லை, லீவுமில்லை.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, வேலை கொடுப்பவர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு சிறு கடைக்கு உரிமையாளராயிருந்தாலும் சரி, தோணிக்குச் சம்மாட்டியாயிருந்தாலும் சரி, வீட்டில் ஒரு வேலையாளை வைத்திருந்தாலும் சரி, இது உங்களுக்கே. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலை நேரம் வேலையின் தன்மைக்கும் தொழிலாளியின் உடற்பலத்துக்கும் ஏற்ப அமைய வேண்டுமென்று போதித்தார். 1981இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், ஓய்வும் உடல்நலத்துக்குக் கேடில்லாத வேலைச் சூழலும் தொழிலாளியின் உரிமைகளென வலியுறுத்தினார். கடை, காரியாலய ஊழியருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று எமது நாட்டுச் சட்டம் 1954இலேயே வரையறுத்தது. இதற்குமேல் நான் கேட்பது காசு செலவில்லாத சில காரியங்கள். விலகிப்போன ஆளின் வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் முதியவர் தலையில் ஏற்றாதீர்கள். புதிய முறையைக் கொண்டுவந்தால் பொறுமையோடு பழக்கிவிடுங்கள். அவருடைய வேலையைப் பற்றித் தீர்மானிக்கும்போது அவரையும் ஒரு சொல் கேளுங்கள். பலர் முன்னிலையில் ஏசாதீர்கள். வேலை முடிந்து வீடு சென்றவரைத் தொலைபேசியில் துரத்தாதீர்கள். செய்த வேலைக்கு நன்றி சொல்லுங்கள்.

இரண்டாவதாக, பிள்ளைகளே! அப்பா ஏன் இன்னும் வேலைக்குப் போகிறார் என்று ஒருநாள் அவரையே கேட்டுப் பாருங்கள். உங்கள் கலியாண மண்டபத்துக்காகவும், நீங்கள் கேட்ட மோட்டார் சைக்கிளுக்காகவுமா? சீதனம் என்னும் கொடிய வழக்கத்தைப் பற்றி நாம் கோயிலிலே பேசுவோம், வெளியிலே பேரம் பேசுவோம். பெண்ணைப் பெற்ற தகப்பனின் நெஞ்சில் அது எத்தனை வருடம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர்? ஜெத்திரோ வைத்தியரல்லர், அவர் குடும்பத்தவர். ஒரே ஒரு நாள் அருகில் நின்று பார்த்தார், விளங்கிக்கொண்டார். வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருக்கும் நாம் பார்க்கவில்லையே!

மூன்றாவதாக, வேலை செய்யும் பெரியவர்களே! உங்கள் உடல் ஆண்டவர் தந்த ஆலயம். அதைப் பேணுவது சுயநலமாகாது. எலியாஸ் தீர்க்கதரிசி மனமொடிந்து, சாவை வேண்டிச் செடி நிழலில் படுத்தபோது, ஆண்டவருடைய சம்மனசு அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்தது, நித்திரை கொள்ள விட்டது, மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னது. ஓரேப் மலைக்கு அவர் நடந்து போனது அதன் பின்னர்தான். அப்போஸ்தலர்கள் உண்ணவும் நேரமின்றி உழைத்தபோது, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறும்படி அழைத்தவர் எமது ஆண்டவரே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் அவருடைய கட்டளைதான். எசமானுக்கு மட்டுமல்ல, வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அந்த ஓய்வு கொடுக்கப்பட வேண்டுமென்று உபாகமம் கூறுகிறது. நாளுக்கு அரை மணி நேரம் நடவுங்கள். உப்பையும் சீனியையும் குறையுங்கள். புகைத்தலை விடுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் அமுக்கமும் சீனியும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. பயன்படுத்துங்கள். மனதிலுள்ள பாரத்தை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இதையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அமத்துவது போன்ற நோ, அது இடக்கைக்கோ தோளுக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல் இவை வந்தால் வாய்வென்று இருந்துவிடாதீர்கள். சலரோகம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். இஞ்சி இடிக்க வேண்டாம், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை சாகிறது.

கடைசியாக, குருக்களாகிய நாங்களும் பங்குச் சபைகளும். இளைப்பாறிய ஒருவர் கோயிலுக்கு வந்தால் நாம் மகிழ்ந்துபோய் அவரைச் சபைக்குச் செயலாளராக்குகிறோம், திருவிழாவுக்குப் பொருளாளராக்குகிறோம், சேமக்காலைச் சுவருக்கும் பொறுப்பாக்குகிறோம். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்மேல் மேலும் மேலும் ஏற்றுகிறோம். அதைச் சேவை என்று அழைக்கிறோம். ஜெத்திரோவின் ஆலோசனை முதன்முதலில் கொடுக்கப்பட்டது கடவுளுடைய சபையின் தலைவருக்கே என்பதை நாம் மறந்துவிட்டோம். பத்துப் பேருக்கு ஒருவராகப் பகிரக்கூடிய வேலையை ஒருவரிடம் கொடுப்பது எமது சோம்பலேயன்றி அவருடைய பக்தியல்ல.

அன்பார்ந்தவர்களே, செபத்தையும் பொறுமையையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆண்டவர்மேல் பாரத்தைப் போடும்படி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆண்டவர் சுமப்பது யாருடைய தோள்களால்? உங்கள் தோளும் என் தோளும்தான் அவருக்குத் தோள். வருந்திச் சுமப்பவர்களைத் தம்மிடம் வரும்படி அழைத்தவர், தம் நுகம் இலகுவானதென்று சொன்னார். நுகம் என்பது பெரும்பாலும் இரண்டு மாடுகளுக்கு உரியது. 

இன்று மாலை திரு இருதயப் படத்தின் முன் முழந்தாளிடும்போது, பிள்ளைகளே, ஒரு கணம் பக்கத்தில் திரும்பிப் பாருங்கள். அப்பா எழும்பும்போது மூச்சு வாங்குகிறாரா? அம்மாவின் கால் வீங்கியிருக்கிறதா? செபம் முடிந்ததும் கேளுங்கள். “வாய்வுதான்” என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

என் மேசை லாச்சியில் இருக்கும் அந்தக் கணக்குப் புத்தகத்திலே ஒரு சதமும் பிழையில்லை. பிழை என் கணக்கிலே இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கிலாவது அந்தப் பிழை நேராதிருக்க, யேசுவின் திரு இருதயம் எங்கள் எல்லாருக்கும் பார்க்கும் கண்ணையும் பகிரும் தோளையும் தந்தருள்வதாக.

— ஆசிரியர்